சுகந்தி திரும்பிப் போவாளா

புதிதாக எழுத வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஹேமா என்னிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நம் தொடர்கதைத் தளத்தை நடத்துகிறவள் அவள். கேட்கும்போதெல்லாம் சரி என்பேன், பிறகு விட்டுவிடுவேன். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, குனிந்து போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பது ஒரு சாக்கு. உண்மையில் எனக்கு அலுப்பு. எழுதுவதிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு யாரும் மாலை போட்டு அனுப்புவதில்லை. ஒரு வாரம் அடுத்த அத்தியாயம் வராது. அதற்கடுத்த வாரமும் வராது. அதோடு முடிந்தது.

நீங்கள் அனுப்பிய கேள்விகளை எல்லாம் படித்தேன். தொடரும் எங்கே போட வேண்டும், நாயகனை எந்த அத்தியாயத்தில் கொண்டுவர வேண்டும், கமெண்ட் குறைந்தால் என்ன செய்வது. இவற்றுக்கு ஹேமாவே என்னைவிட நன்றாகப் பதில் சொல்வாள். நான் சொல்லக்கூடியது வேறொன்று. ஒரு கதையின் முடிவை எழுத உட்கார்ந்தபோது எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் உங்களுக்கு உபயோகப்படுவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் பில் டைப் செய்துகொண்டிருந்தவள். போகவர பஸ்ஸில் போனில் கதை படிப்பேன். ஒருநாள் படித்த கதையின் முடிவு பிடிக்காமல், நானே ஓர் அத்தியாயம் எழுதித் தளத்தில் போட்டேன். மறுநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன், கீழே ஒரு கமெண்ட். ‘சூப்பர் சிஸ், அடுத்த யூடி எப்போ?’ புது அத்தியாயத்தைத்தான் இங்கே யூடி என்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதுவரை அலுவலகத்தில் என்னிடம் ‘முடிஞ்சுதா’ என்று கேட்பார்கள். வீட்டில் ‘ஆச்சா’ என்று கேட்பார்கள். அடுத்தது எப்போது என்று ஆசையோடு ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இரண்டாவது அத்தியாயம் எழுதியிருக்கவே மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு எனக்கு வாசகர்கள்மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னை எழுத வைத்தவர்கள் அவர்கள்தான்.

அவர்களில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தளத்தில் அவர் பெயர் ‘ஒரு வாசகர்’. முகப்புப் படமாக ஒரு தண்ணீர்க் குழாயும் பக்கெட்டும். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் யாருக்கும் தெரியாது. பாராட்டவே மாட்டார். கேள்வி மட்டும் கேட்பார், அதுவும் ஒரே ஒரு கேள்வி.

என் முதல் கதையில், காணாமல்போன அண்ணன்தான் குடியிருப்பின் வாட்ச்மேன் என்பதைக் கடைசியில் உடைப்பதாகத் திட்டம். பாதியிலேயே வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘வாட்ச்மேன்தானே அண்ணன், தெரிஞ்சுபோச்சு’ என்று ஆளாளுக்குக் கமெண்ட். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாட்ச்மேனை விட்டுவிட்டு, துபாயிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து இறக்கி அவன்தான் அண்ணன் என்றேன். எல்லோரும் ‘செம ட்விஸ்ட்’ என்றார்கள். ‘ஒரு வாசகர்’ மட்டும் கேட்டார். ‘அப்படியானால் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த வாட்ச்மேன் ஏன் அழுதார்?’

வாசகர்கள் முன்கூட்டியே கண்டுபிடிப்பது நமக்கு அவமானமில்லை, நாம் ஒழுங்காக எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம் என்பது எனக்குப் புரிய அந்தக் கேள்வி தேவைப்பட்டது. அதற்குப் பிறகு எதை எழுதினாலும் இவர் என்ன கேட்பார் என்று யோசித்துவிட்டுத்தான் போடுவேன்.

பல கதைகள் போயின. ஓரளவு பெயர் வந்தது. அப்போதுதான் சுகந்தியின் கதையை ஆரம்பித்தேன்.

சுகந்தி, பிரபாகர். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு ஐயப்பன்தாங்கலில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பிரபாகர் நல்லவன், முன்கோபி. வாசகிகள் உருகி உருகி ரசித்தார்கள். பாதிக் கதையில் கொஞ்சம் தொய்வு விழுந்தது. கமெண்ட் குறைந்தது. ஒரு பரபரப்பு வேண்டும் என்று, உறவினர் கல்யாணத்தில், பந்தியில், எல்லோர் முன்னாலும் பிரபாகர் சுகந்தியைக் கன்னத்தில் அறைவதாக எழுதினேன். அவள் அப்படியே எழுந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். நாலைந்து யூடி அழவைத்துவிட்டு, அவனை மன்னிப்புக் கேட்கவைத்து, சேர்த்துவைத்துவிடலாம் என்பது என் திட்டம். எல்லோரும் செய்வதுதான். நீங்களும் செய்வீர்கள்.

கமெண்ட் கொட்டியது. ‘பாவம் பிரபா, வேலை டென்ஷன்’ என்று ஒரு கூட்டம். ‘சுகிம்மா சீக்கிரம் வந்துடு’ என்று ஒரு கூட்டம். நடுவில் அந்த ‘ஒரு வாசகர்’ கேட்டார்.

‘அறைந்த பிறகு பிரபாகர் சாப்பிட்டானா?’

அதைப் படித்தபோது வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நான் அவனை அந்தப் பந்தியில் அப்படியே விட்டுவிட்டு சுகந்தியின் பின்னால் போயிருந்தேன். இப்போது திரும்பிப் போய்ப் பார்த்தால், அவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாமா, சித்தப்பா எல்லாம், ‘சரி விடுப்பா, சாப்பிடு’ என்கிறார்கள். அவனும் சாப்பிட்டு, கை கழுவி, பீடா போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததை அடுத்த யூடியில் எழுதினேன். அதை எழுதிய பிறகு அவர்களைச் சேர்த்துவைக்க எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு வாரமும் சேர்த்துவைக்கலாம் என்று உட்காருவேன், சுகந்தி நகரமாட்டேன் என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நிர்மலா என்ற வாசகி எனக்குத் தனிச் செய்தி அனுப்பினாள்.

“அக்கா, நான் பட்டாபிராம்ல எங்கம்மா வீட்டுல இருக்கேன். உங்க சுகந்தி மாதிரிதான் வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு என் தங்கச்சி வளைகாப்புல எல்லார் முன்னாடியும் கை நீட்டிட்டாரு. ஆடி முடிஞ்சதும் ரெண்டு வீட்டுக்காரங்களும் உக்காந்து பேசுறதா இருக்காங்க. எங்கம்மாவும் உங்க கதைய படிக்கிறாங்க, என் மாமியாரும் படிக்கிறாங்க. பாரு, சுகந்தி போயிடுவா, நீயும் போயிடுன்னு எங்கம்மா தெனம் சொல்றாங்க. தயவுசெஞ்சு அவள அனுப்பிடாதீங்கக்கா.”

நான் பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ‘தைரியமாக இரும்மா’ என்று மட்டும் எழுதி, கீழே என் போன் எண்ணைப் போட்டு அனுப்பினேன். எதற்கும் உதவாத வார்த்தை. எனக்கே தெரிந்தது.

அந்த வாரமே தளத்தின் தனிச் செய்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வயதான பெண் குரல். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“ரைட்டரம்மாவா? நான் ஆவடிலேர்ந்து தேவகி பேசறேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியாதும்மா, அதான் பேசிக்கினு கீறேன். எம் மருமவதான் எனக்கு இந்த போன்ல கத கேக்கக் கத்துக்குடுத்தா. அமுக்கினா அதுவே படிக்கும், நான் காய் நறுக்கிக்கினே கேப்பேன். அவ தங்கச்சி வளைகாப்புல சண்ட, கோச்சுக்கினு பட்டாபிராம்ல அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. ஊடு ஊடாவே இல்ல. அவ உன் கதய உடாம படிக்கிறா. நீ அந்தப் பொண்ண சேத்து வச்சியானா இவளும் வந்துருவா. உனக்குப் புண்ணியமா போவும் தாயி.”

வளைகாப்பு, பட்டாபிராம், கதை படிக்கிற மாமியார். எல்லாம் பொருந்தியது. நிர்மலாவின் மாமியார்தான்.

இதில் யாரைக் குறைசொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தேவகியின் குரலில் வேஷம் இல்லை. அவருக்கு மருமகள் வேண்டும். அடுத்த செய்தியில் அந்தப் பெண் நன்றாகத் தலை வாரிவிடுவாள் என்றுகூடச் சொன்னார். நான் கீரை ஆய்ந்துகொண்டே கற்பனை செய்த ஒருத்தியை வைத்து ஆவடியிலும் பட்டாபிராமிலும் இரண்டு வீடுகளில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

ஹேமாவிடம் சொன்னேன். அவள் கோயம்புத்தூர்க்காரி. ஐ.டி.யில் வேலை, வானகரத்தில் ஃப்ளாட். வேலை நேரம் போக மிச்சத்தில் தளத்தைத் தூக்கிச் சுமக்கிறவள். அந்த வருஷம் வாசகர் ஓட்டில் முதலில் வரும் கதையைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்தாரிடம் பேசி வைத்திருந்தாள். என் கதைதான் முன்னால் இருந்தது.

“அக்கா, அந்தப் பொண்ணு விஷயம் நெசமாலுமே கஷ்டமாத்தானுங்க இருக்கு. ஆனா நீங்க கதைதானுங்க எழுதறீங்க? படிக்கறவங்க நாளெல்லாம் வேலை பாத்துட்டு, அலுத்துப்போய் வந்து இதைத் தொறக்கறாங்க. அவங்களுக்கு ஒரு நல்ல முடிவு குடுக்கறது தப்பா?”

“தப்பில்ல ஹேமா.”

“சேத்துவைக்கலைன்னா ஓட்டு விழாதுங்க. புக்கும் வராது. உங்க பேர அச்சுல பாக்கணும்னு எனக்கு எத்தனை ஆசை தெரியுமா?”

எனக்கும் ஆசைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

வேறு வழி தெரியாமல், அந்தக் குழாய்ப் படக்காரருக்குத் தனிச் செய்தியில் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். நான் என்ன செய்யட்டும்? பதில் வந்தது. ‘கதையைப் பற்றி என்றால் கேட்பேன். இது கதையைப் பற்றியது இல்லை.’ அவ்வளவுதான். அப்போது அதைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கேள்வி கேட்ட மனுஷர் ஒரே ஒரு தடவை பதில் சொல்லக் கூடாதா என்றிருந்தது.

நான் யூடி போடுவதை நிறுத்தினேன். முதல் வாரம் ‘உடம்பு சரியில்லையா சிஸ்’ என்று அன்பாகக் கேட்டார்கள். அடுத்த வாரம் ‘எங்களை வச்சு விளையாடுறீங்களா’ என்றார்கள். ஒருவர், நான் சீன் போடுகிறேன் என்று தனிப் பதிவே எழுதினார். அதற்கு இருநூறு பேர் தலையாட்டினார்கள். அன்பும் அதட்டலும் ஒரே வாயிலிருந்துதான் வரும் பிள்ளைகளே. இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலிருக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் பழகவே இல்லை. ஒவ்வொரு கமெண்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேவகி மறுபடி பேசினார். வெள்ளிக்கிழமை திருவேற்காடு கோயிலுக்கு வருவேன், முடிந்தால் வா, முகத்தைப் பார்க்கிறேன் என்றார். போகலாமா கூடாதா என்று இரண்டு நாள் குழம்பினேன். வாசகரை நேரில் பார்க்கப் போவது நல்லதில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனாலும் போனேன்.

கோயில் வாசலில் பூக்கடை ஓரமாக நின்றிருந்தார். மஞ்சள் புடவை, ஒல்லியான உடம்பு. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, இவ்ளோ சின்னதா கீற? நான் ரைட்டர்னா பெரிய ஆளா இருப்பன்னு நெனச்சேன்.”

பிரகாரத்தில் உட்கார்ந்தோம். குங்குமத்தைப் பிரித்துப் பாதியை என் பொட்டலத்தில் போட்டார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் நாற்று நட வந்ததையும், அந்த வயல் எல்லாம் இப்போது வீடாக நிற்பதையும், மகன் ஆவடியில் ஒரு கம்பெனியில் நிரந்தரமானதையும் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“சேத்து வச்சிரும்மா. ஒரே ஒரு வாட்டி கைய நீட்டிட்டான். குடிக்கிற புள்ள இல்ல.”

“அம்மா, உங்க பையன் இந்தக் கதைய படிக்கிறாரா?”

“அவன் எங்க படிக்கிறான்! கிரிக்கெட்டு பாப்பான்.”

“அப்போ நான் சேர்த்துவச்சா உங்க மருமகளுக்குத்தானே புத்தி சொன்ன மாதிரி? அடிச்சவருக்கு யாரு சொல்றது?”

அவர் குங்குமம் ஒட்டிய விரலைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“இவங்கப்பா என்ன அடிக்காத நாளு கெடையாது” என்றார். “நான் எங்கயும் போவல. போறதுக்கு எடம் இருந்தாத்தானே போவ? இவளுக்கு அம்மா ஊடு கீது, போனா. போனது தப்புன்னு நான் சொல்லலம்மா. திரும்பி வந்துட்டா நல்லாருக்கும்னுதான் சொல்றேன்.”

நான் எழுதிய எந்தக் கதையிலும் ஒரு மாமியாரை இப்படிப் பேசவைத்ததில்லை.

வெளியே வந்தபோது மகன் பைக்கோடு நின்றிருந்தான். அவன்தான் என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு வெறுப்பு எழுந்தது. ஆனால் அவன் அம்மாவின் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தான். என்னைப் பார்த்து, “ஆட்டோ புடிச்சுத் தரட்டுமாக்கா? இந்த நேரத்துல பூந்தமல்லி வண்டி கூட்டமா வரும்” என்றான். சாதாரணமான பையன். மேல் சட்டையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் தம்பி என்றேன். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வரும்போது, பிரபாகரின் முகம் எனக்கு முதன்முறையாக முழுதாகத் தெரிந்தது. அவன் அரக்கன் இல்லை. தான் என்ன செய்தோம் என்பதை ஒருமுறைகூட நின்று பார்க்காதவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து முடிவை எழுதினேன். பிரபாகர் சுகந்தியின் அம்மா வீட்டுக்கு வருகிறான். மன்னிச்சிரு, கிளம்பு என்கிறான். அவள் கேட்கிறாள், “அன்னிக்கு என்ன அடிச்சதுக்கு அப்புறம் பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்களே, நான் பாதியில விட்டுட்டுப் போன சாப்பாட்டு இலை என்ன ஆச்சு?” அவனுக்கு ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்க்கிறான், உண்மையிலேயே ஞாபகம் இல்லை. “எனக்கு அதுல என்ன என்ன இருந்துச்சுன்னுகூட ஞாபகம் இருக்கு” என்கிறாள் அவள். அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறாள். கூடப் போகவில்லை. கதை அங்கே முடிகிறது.

போடுவதற்கு முன்னால் நிர்மலாவை நினைத்தேன், தேவகியை நினைத்தேன், புத்தகத்தை நினைத்தேன். யாருக்காக எழுதினேன் என்று கேட்டால் இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியாது. அந்த வீட்டுக் கூடத்தில் சுகந்தி என்ன செய்வாள் என்று பார்த்தேன், அவள் அதைத்தான் செய்தாள். நிர்மலாவுக்குச் சாதகமாக இருக்கட்டும் என்று நான் அதை வளைக்கவில்லை. வளைத்திருந்தால் தேவகிக்கு நான் என்ன பதில் சொல்வது?

போட்டேன். அப்புறம் போனை அணைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரே ரகளை. ‘இதுக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தோமா?’ ‘உங்க சொந்த வாழ்க்கைக் கோபத்தை எங்கமேல் காட்டாதீர்கள்.’ ‘இனி உங்கள் கதை படிக்க மாட்டேன்.’ முதல் கதையிலிருந்து கூட வந்தவர்களே அப்படி எழுதினார்கள். பிடித்தது என்றவர்கள் சிலர், அவர்களும் மெல்லிய குரலில்தான் சொன்னார்கள். ஓட்டு விழவில்லை. புத்தகம் வேறொருவருக்குப் போனது. நன்றாக எழுதுகிற பெண்தான், வாழ்த்துச் சொன்னேன். ஹேமா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே கூப்பிட்டு, “எனக்கு வருத்தந்தானுங்க. ஆனா சுகந்தி எடத்துல நான் இருந்தாலும் போயிருக்க மாட்டேனுங்க” என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். ‘ஒரு வாசகர்’ எதுவுமே கேட்கவில்லை. அதற்குப் பிறகு தளம் மொபைல் ஆப்பாக மாறியபோது அந்தக் குழாய்ப் படத்தைக் காணவில்லை.

தேவகியிடமிருந்து சில நாள் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. திட்டுவார் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“கேட்டேம்மா. சோறு போட்டுக்கினே சத்தமா வச்சுக் கேட்டேன். அவன் பக்கத்துல உக்காந்து சாப்புட்டுக்கினு இருந்தான். அந்தப் பொண்ணு எலய பத்தி கேக்குது பாரு, அந்த எடத்துல கைய நிறுத்திட்டான். தட்ட அவனே எட்த்துனு போயி கழுவி வச்சிட்டு வெளில போயிட்டான். நீ சேத்து வைக்கல. சரி, போ.”

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவன் தட்டு கழுவினான் என்பதை வைத்து என் கதை அவனை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் நிர்மலா என்ன ஆனாள் என்ற கவலை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானாகக் கேட்கவும் பயம். என் முடிவைப் படித்துவிட்டு அவள் ஏதாவது முடிவெடுத்து, அது தப்பாகப் போயிருந்தால்?

ஆடி போய் ஆவணியும் போனது. நிர்மலாவே கூப்பிட்டாள். என் எண்ணை அவளுக்கு முன்பே கொடுத்திருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில்தான் இருக்கிறேன், பார்க்க முடியுமா என்றாள். அலுவலகம் விட்டு பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். நான் நினைத்ததைவிட உயரமான பெண். தோளில் சாப்பாட்டுப் பை. ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம்.

“மருந்து கம்பெனில பேக்கிங் செக்‌ஷன்க்கா. சேர்ந்து ஒரு மாசம் ஆவுது” என்றாள்.

“பேச்சுவார்த்தை என்னாச்சும்மா?”

“நடந்துச்சு. எங்கம்மா போகச் சொன்னாங்க. நான்தான் வேலைக்குப் போறேன், இப்ப வரலன்னு சொல்லிட்டேன். அவரு ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போறாரு. பேசறோம். என்ன ஆவும்னு தெரியல.”

எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன். என் முடிவைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பெண்ணுக்குத் தைரியம் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

“கடைசி யூடி படிச்சியாம்மா?”

அவள் சங்கடப்பட்டாள். ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டே சொன்னாள். “இல்லக்கா. நீங்க நடுவுல நிறுத்துனீங்கல்ல, அப்பவே விட்டுட்டேன். கோச்சுக்காதீங்க. வீட்டுல எல்லாரும் என் மொகத்த பாக்காம அந்த போனயே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு என்ன ஆவும்னு அதுல பாக்குறாங்க. எனக்கு வெறுத்துப்போச்சு. யூடி வரலன்ன உடனே எனக்கு ஒரு மாதிரி நிம்மதியா ஆயிடுச்சுக்கா. அந்த கேப்புலதான் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டேன்.”

இத்தனை நாள் யார் யாருக்காகவோ அழுது, புத்தகத்தை இழந்து, ஊர்த் திட்டு வாங்கி எழுதிய முடிவை அவள் படிக்கவே இல்லை. அவளுக்கு உபயோகப்பட்டது, நான் எழுதாமல் இருந்த அந்தச் சில வாரங்கள்தான். கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. ரொம்ப தூரம் மூட்டை சுமந்து வந்து, இது வேண்டியதில்லை என்று தெரிந்ததும் இறக்கிவைப்பது மாதிரி இருந்தது.

“சுகந்தி என்னக்கா ஆனா?” என்று அவளே கேட்டாள்.

சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.

“அவ வேலைக்குப் போறாளா?”

“இல்லம்மா. அத நான் எழுதல.”

“அப்பறம் எப்படிக்கா அவங்கம்மா வீட்டுல இருப்பா?” என்றாள். குற்றம் சொல்கிற தொனி இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவது போலக் கேட்டாள். “ரெண்டு மாசம் சும்மா இருப்பாங்க. அப்பறம் அண்ணி மொகத்த திருப்புவாங்க. நான் பாத்துட்டேன்.”

அவளுக்குப் பட்டாபிராம் பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் வழியாகக் கை காட்டினாள்.

முடிந்துபோன கதைக்கு நம் தளத்தில் யாரும் யூடி போடுவதில்லை. நான் போட்டேன். சுகந்தி வேலைக்குப் போகும் முதல் நாள், ஒரே ஓர் அத்தியாயம். திருப்பம் இல்லை, பிரபாகர் இல்லை. காலையில் எழுந்து, அண்ணிக்கு முன்னால் குளித்து, வழி கேட்டுக்கொண்டு போய்ச் சேருகிறாள். மிஷின் சத்தத்தில் மேஸ்திரி சொல்வது புரியாமல் விழிக்கிறாள். சாயங்காலம் கால் வீங்கித் திரும்பி வருகிறாள். முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை. யாரும் கேட்டு எழுதியதும் இல்லை. விரல்விட்டு எண்ணும்படிச் சிலர் படித்தார்கள். கமெண்ட் ஏதும் இல்லை. அதுதான் நான் எழுதிய கடைசி அத்தியாயம். அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை. ஆனால் நான் எழுதியதில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கேட்டு எழுதவைப்பவர்கள் இல்லாமல் நாம் இல்லை பிள்ளைகளே. அவர்களுக்கு எழுதுங்கள், அவர்கள் கேட்பதைக் காதில் வாங்குங்கள். ஆனால் எப்போதாவது, யாரும் கேட்காத ஓர் அத்தியாயம் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். கழுத்து வலிக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அத்தியாயத்துக்குக் கீழே கமெண்ட் வரவில்லையே தவிர, மறுநாள் தேவகி பேசினார். சின்ன மெசேஜ்தான்.

“இன்னாம்மா, முடிஞ்சு போச்சுன்னு பாத்தா வேலைக்கு அனுப்பிட்டியா அவள? எங்க ஊட்டுப் பொண்ணும் போய்க்கினுதான் கீது.” குக்கர் விசில் அடித்தது, அடுப்பைக் குறைக்கும் சத்தம் கேட்டது. “போவட்டும். போய்ட்டு வரட்டும்.”